பரட்டைத் தலையும் சவ்வுக்காலும்

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஆறு வாரத்துக்கு நாயை யார் வெளியே கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வேலியோரம் நடந்தபோது, ஏதோ நல்ல மனநிலையில் இருந்த நான், "நான் போகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அதுவரை அந்த நாயைச் சன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன், அதுவும் தலையை மட்டும். மறுநாள் காலை கதவு திறந்தது. தேங்காய் நார் மிதியடி ஒன்றுக்கு நான்கு கால் முளைத்து, தாடி மீசை வைத்து, அதை யாரோ சேற்றில் ஒருமுறை முக்கி எடுத்தது போல ஓர் உருவம் வந்து என் நெஞ்சில் இரண்டு முன்கால்களையும் வைத்தது. முப்பத்தாறு கிலோவாவது இருக்கும். பெயர் பிராம்பிள். முட்புதர் என்று பொருள். மிகப் பொருத்தமான பெயர், ஏனென்றால் அதன் மயிரில் எந்நேரமும் நாலைந்து முள் சிக்கியிருக்கும்.

இனம் ஆட்டர்ஹவுண்ட். அன்று இரவு போனில் அம்மா என்ன நாய் என்று கேட்டார். ஆட்டர் என்றால் நம்மூரில் நீர்நாய், ஆகவே நீர்நாயைப் பிடிக்கிற நாய் என்றேன். "நாயைப் பிடிக்கிற நாயா?" என்றார். தமிழில் இதற்கு மேல் விளக்க முடியாது. ஆற்றில் மீன் பிடித்துத் தின்னும் அந்தப் பிராணிக்கும் நாய்க்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை, பார்வைக்கு அது மரநாய், கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்புக்காரப் பிராணி. ஆனாலும் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே நமக்கு அது நீர்நாய்தான், மருத நிலத்துப் பொய்கையில் வாளை மீனைத் தேடிக்கொண்டிருக்கும். காவிரியில் இன்றும் இருக்கிறது. காவிரியில் இருப்பது வழுவழுப்பான மயிர் கொண்ட வேறு வகை, இங்கே இங்கிலாந்தின் ஆறுகளில் இருப்பது வேறு வகை. சரி, நாய்க்கு வருவோம்.

நான் இருப்பது வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியாவின் கெண்டல் ஊரில். ஊருக்கு நடுவே கெண்ட் ஆறு ஓடுகிறது. இந்த நாயின் கதையில் இந்த ஊருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. முதல் வாரம் முழுக்க என் கவலையெல்லாம் வேறு. இது ஏன் இப்படி நடக்கிறது? கால்களைத் தூக்காமல், தொளதொளவென்று, பழைய செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகும் தாத்தா மாதிரி. இடுப்பில் ஏதாவது கோளாறோ, என் கையில் இருக்கும்போதா இப்படி ஆக வேண்டும் என்று பயந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மேசையிலிருந்து இரண்டு தாளை எடுத்துக் கொடுத்தார். பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் வெளியிட்டிருக்கும் பிரீட் ஸ்டாண்டர்டு. அதாவது இந்த இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று உச்சி முதல் வால் நுனி வரை எழுதிவைத்திருக்கும் இலக்கணம். அதில் நடை என்ற தலைப்பின் கீழே தெளிவாக இருந்தது: மெதுவாகப் போகும்போது மிகத் தளர்ந்து, காலை இழுத்துப் போட்டு நடக்க வேண்டும், அங்கிருந்து சட்டென்று நீண்ட எட்டு வைக்கும் ஓட்டத்துக்குத் தாவ வேண்டும். நான் நோய் என்று நினைத்தது இலக்கணப்படி லட்சணம்.

எனக்கு அதுவரை பிரீட் ஸ்டாண்டர்டு என்றாலே ஒரு இளப்பம் இருந்தது. மூக்கு இத்தனை அங்குலம், வால் இத்தனை வளைவு என்று பணக்காரர்கள் பொழுதுபோகாமல் எழுதிய ஜாதகம் என்று. பல இனங்களுக்கு அது உண்மையும்கூட. முகத்தை நசுக்கி நசுக்கி, மூச்சே விட முடியாத நாய்களை உண்டாக்கிய புண்ணியம் நாய் ஷோக்களுக்கு உண்டு. ஆனால் இந்த இரண்டு தாளை மறுபடி மறுபடி படித்தபோது, இது அழகைப் பற்றி எழுதிய மாதிரியே தெரியவில்லை. குளிர்ந்த ஆற்றில் நாள் முழுக்க வேலை செய்யும் ஓர் உடம்புக்கு என்னென்ன வேண்டும் என்று ஆற்றைத் தெரிந்த ஒருவர் வரிசையாகச் சொல்வது போல இருந்தது. தொடக்கத்திலேயே அதைச் சொல்லியும்விடுகிறார்கள், தண்ணீரில் நெடுநேரம் உழைக்க அமைந்த உடம்பு, தரையிலும் பாய்ந்து ஓட வல்லது என்று.

பாதத்தைப் பாருங்கள். பெரியது, வட்டமானது, தடித்த மெத்தை. நிற்கும்போது ஒடுங்கி இருக்க வேண்டும், தேவைப்படும்போது விரிய வேண்டும். விரல்களுக்கு நடுவே சவ்வு கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பிராம்பிளின் பாதத்தை ஒருநாள் கையில் ஏந்தி விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். வாத்துக்கால் என்றுதான் சொல்ல வேண்டும். அது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ஏதோ பரிசோதனை போலிருக்கிறது என்று அடுத்த பாதத்தையும் நீட்டியது. குணம் பற்றி ஸ்டாண்டர்டு சொல்வது, இனியது, நிதானமானது. ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் திருடன் வந்தால் அவனுக்கும் பாதத்தை நீட்டும்.

மயிர் இரண்டு அடுக்கு. மேலே 4 முதல் 8 செ.மீ. நீளத்தில் சொரசொரப்பான, தண்ணீர் இறங்காத மயிர். அடியில் நெருக்கமான உள்மயிர். இரண்டிலும் லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கலாம், தண்ணீர் உடம்பில் ஏறாமல் காப்பது அதுதான். அந்த எண்ணெய்க்கு ஒரு வாசம் உண்டு. ஈர நாய், கம்பளி, கொஞ்சம் குளத்துப் பாசி, மூன்றும் கலந்த வாசம், என் காரில் இன்னும் போகவில்லை. ஆனால் எனக்கு மிகப் பிடித்த வரி இதுதான்: காட்சிக்காக மயிரை வெட்டக் கூடாது, இயல்பாகவே கொண்டுவர வேண்டும். அமெரிக்க ஸ்டாண்டர்டு இன்னும் ஒருபடி மேலே போகிறது. மயிர் தானாக உதிர்ந்து குறைந்து, வேலை செய்த கோலத்தில் வந்தாலும் மதிப்பெண் குறைக்கக் கூடாதாம். வேட்டையில் புதருக்குள் புகுந்து புகுந்து மயிர் குட்டையாகிப் போயிருந்தால் அது சரியான மயிர்தான், செதுக்கி அழகு பண்ணுவதுதான் வேண்டாத வேலை. பரட்டையாக இருப்பதைச் சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். இருந்தும் சிலர் ஷோவுக்கு முன் ட்ரையர் போட்டுப் பஞ்சு மாதிரி உப்ப வைத்துத்தான் கொண்டுவருகிறார்களாம், பாட்டிக்கு அதைப் பற்றிப் பேசினாலே முகம் சிவந்துவிடும்.

காது. இதில்தான் ஸ்டாண்டர்டு எழுதியவருக்கே உணர்ச்சி மேலிட்டுவிட்டது. மற்ற இடங்களில் வறட்டு அளவுகளாகப் பேசிக்கொண்டு வந்தவர், காதுக்கு வந்ததும் இந்த இனத்துக்கே உரியது, இழந்துவிடக் கூடாதது என்று அடித்துச் சொல்கிறார். கண்ணின் ஓரத்துக்கு நேராகத் தொடங்கி நீண்டு தொங்கும், முன்னால் இழுத்தால் மூக்கைத் தொடும். அதுமட்டுமில்லை, காதின் முன்விளிம்பு உள்பக்கமாக மடிந்து சுருள வேண்டும், திரைச்சீலை போட்டது போல. எனக்கென்னவோ பட்டுப்புடவை முந்தானையைக் கொசுவி விட்டது போலத்தான் தெரிந்தது. உயரம் ஆணுக்கு ஏறத்தாழ 69 செ.மீ., பெண்ணுக்கு 61. எடை அமெரிக்கக் கணக்கில் ஆண் ஏறத்தாழ 52 கிலோ. நிறம் கிட்டத்தட்ட என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், இரண்டு மூன்றைத்தான் விலக்கியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இந்த உடம்பு எதற்காக என்று கேட்டால்தான் கதை கசக்கிறது. கொல்வதற்காக. 1212இல் ஜான் மன்னர் சோமர்செட் மாவட்ட அதிகாரிக்கு ஓர் உத்தரவு அனுப்பினார்: நீர்நாய் வேட்டைக்காரர்கள் ரால்ஃப், காட்ஃப்ரி இருவரும், இரண்டு ஆட்கள், இரண்டு குதிரைகள், பன்னிரண்டு நாய்களோடு வருகிறார்கள், உன் மாவட்டத்தில் நீர்நாய் பிடிக்கும் வரை அவர்களுக்கு வேண்டியதைக் கொடு. மன்னருக்கு இதில் என்ன அக்கறை என்றால், மீன். அன்றைய கிறிஸ்தவ இங்கிலாந்தில் வருடத்தில் பாதி நாள் விரதம், இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். மடங்களும் பிரபுக்களும் குளம் வெட்டி மீன் வளர்த்தார்கள். நீர்நாய் அந்தக் குளத்துக்கு ராத்திரித் திருடன். அந்தப் பன்னிரண்டு நாய்களும் பிராம்பிளின் நேர் பாட்டன்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அதை நான் நம்பவில்லை. அன்று அது தொழிலின் பெயர், எந்த நாய் நீர்நாயை விரட்டியதோ அதற்கு அந்தப் பெயர். இன்று நாம் பார்க்கும் பரட்டைக்காரன் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானவன். பிரான்சிலிருந்து வந்த கிரிஃபான் என்ற சொரசொரப்பு மயிர் வேட்டை நாய்கள், மோப்பத்துக்குப் பேர்போன பிளட்ஹவுண்ட் எல்லாம் அதன் ரத்தத்தில் கலந்திருக்கின்றன. எதில் எவ்வளவு என்பதில் நாய்க்காரர்களுக்குள் இன்றும் சண்டை. அதே நூற்றாண்டில் யார்க்ஷயரின் ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தொழிலாளிகள் இதைத் தங்கள் டெரியர்களோடு கலந்துவிட்டார்கள், அப்படி வந்ததுதான் ஏர்டேல் டெரியர். தாடியைப் பார்த்தாலே தெரியும்.

நரி வேட்டை குளிர்காலத்தில். அது முடிந்து கோடையில் என்ன செய்வது என்று தவித்தவர்களுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீர்நாய் வேட்டை. நீலச் சட்டை, கையில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட கழி. வேட்டைக்குப் போகும் நாய்களை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டார்கள், ஜோடி ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். விடிகாலையில் கூட வேண்டும், ஏனென்றால் இரவில் நீர்நாய் கரையோரம் நடந்த வாசம் வெயிலுக்கு முன்தான் புல்லில் நிற்கும். இங்கேதான் இந்த நாயின் மூக்கு. பத்து மணி நேரத்துக்கு முந்தைய வாசத்தை எடுத்து, மைல் கணக்கில் ஆற்றோரமாகவே கொண்டுபோய், வேருக்கடியில் இருக்கும் வளையில் நிறுத்தும். நீர்நாய் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டாலும் தீரவில்லை. மூழ்கி நீந்தும் பிராணியின் வாசம் குமிழியோடு மேலே வந்து தண்ணீர்ப் பரப்பில் மிதக்கும், நாய் நீந்திக்கொண்டே அதை முகரும். தண்ணீரில் மோப்பம் பிடிப்பது என்றால் என்ன என்று எனக்கு இன்னும் கற்பனை பண்ண வரவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் மனிதர்கள் காலோடு கால் சேர்த்து வேலி மாதிரி ஆற்றுக்குக் குறுக்கே நின்றுகொள்வார்கள், நீர்நாய் தாண்டிப் போகாதபடி. இப்படி மணிக்கணக்கில். இந்த உடம்புக்குச் சவ்வுக்காலும் எண்ணெய் மயிரும் எதற்கு என்பது இப்போது புரிகிறதல்லவா.

முன்னொரு காலத்தில் ஈட்டியும் இருந்தது. லேண்ட்சீர் என்ற ஓவியர் 1844இல் அபர்டீன் பிரபுவின் ஆட்டர்ஹவுண்டுகளை வரைந்த பெரிய ஓவியத்தில், வேட்டைக்காரர் ஈட்டியில் குத்திய நீர்நாயை உயரத் தூக்கிப் பிடித்திருப்பார், சுற்றிலும் நாய்கள் வாயைப் பிளந்துகொண்டு. நாய்களின் ஒவ்வொரு மயிரையும் அவ்வளவு நேசத்தோடு வரைந்த கை, அந்தப் பிராணி ஈட்டி நுனியில் வளைந்து நெளிவதையும் அதே நேசத்தோடு வரைந்திருக்கிறது. என்னால் அதை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஆனால் நீர்நாயை அழித்தது வேட்டை இல்லை என்பதுதான் இதில் நான் எதிர்பார்க்காத திருப்பம். 1950களின் நடுவில் விதைக்கும், ஆடுகளைக் குளிப்பாட்டும் மருந்துக்கும் டீல்ட்ரின், ஆல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லிகள் வந்தன. அது மழையில் ஆற்றுக்கு இறங்கி, விலாங்கு மீனின் கொழுப்பில் சேர்ந்து, விலாங்கைத் தின்ற நீர்நாயிடம் போய்ச் சேர்ந்தது. இரவில் மட்டும் நடமாடும் பிராணி, செத்தால் யாருக்குத் தெரியும்? தெரிந்தது வேட்டைக்காரர்களுக்கு. ஒவ்வொரு குழுவும் எத்தனை நாள் போனோம், எத்தனை நீர்நாய் தட்டுப்பட்டது என்று வருடா வருடம் நோட்டுப் போட்டு எழுதிவைத்திருந்தது. பின்னால் விஞ்ஞானிகள் அந்தக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, 1957-ஐ ஒட்டி எண்ணிக்கை திடீரென்று சரிந்திருந்தது, அதுவும் பல இடங்களில் ஒரே நேரத்தில். கொல்லப் போனவர்களின் நோட்டுதான் அந்தப் பிராணிக்கு மரண வாக்குமூலம். பல குழுக்கள் தாமாகவே கொல்வதை நிறுத்திக்கொண்டன. 1978 தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, ஸ்காட்லாந்தில் 1982இல். எழுநூறு ஆண்டுத் தொழில் முடிந்தது.

அந்தத் தடை வந்த அன்று கலப்பில்லாத ஆட்டர்ஹவுண்டுகளை வைத்திருந்தவை இரண்டே குழுக்கள். மற்றவர்கள் நரி வேட்டை நாய்களை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரிஸ்ஷயர். இன்னொன்று கெண்டல். ஆமாம், நான் தினமும் பால் வாங்கப் போகிற இதே கெண்டல். வேலை போன நாய்களை என்ன செய்வது? அவை வீட்டு நாயாக வளர்ந்தவை இல்லை, கூட்டமாகக் கொட்டகையில் கிடந்து கூட்டமாக ஓடியவை. அதே 1978இல் ஆட்டர்ஹவுண்ட் கிளப் ஒன்றை ஆரம்பித்தார்கள், நாய்கள் வீடுகளுக்கும் ஷோக்களுக்கும் போயின. ஸ்டாண்டர்டு என்ற அந்த இரண்டு தாளுக்கு உண்மையான வேலை அன்றுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதுவரை நல்ல நாய் எது என்று ஆறு சொல்லிக்கொண்டிருந்தது. பாதம் விரியாத நாய் மதியத்துக்குள் நொண்டும், மயிர் சரியில்லாதது நடுங்கும், அதற்குக் குட்டி எடுக்க மாட்டார்கள். இப்போது சொல்வதற்கு ஆறு இல்லை, தாள்தான் இருக்கிறது. அதனால்தான் அதை எழுதியவர் காது மடிப்புக்கு அவ்வளவு பதறுகிறார் போல.

அப்புறம் நடந்தது வேடிக்கை. அந்தப் பூச்சிக்கொல்லிகள் தடையாகி, ஆறுகள் தெளிந்து, நீர்நாய்கள் மெல்லத் திரும்பி வந்தன. 2011இல் கடைசியாக கென்ட் மாவட்டத்திலும் (எங்கள் ஆறு இல்லை, தென்கிழக்கில் இருக்கும் மாவட்டம்) தடயம் கிடைத்தபோது, இங்கிலாந்தில் நீர்நாய் இல்லாத மாவட்டமே இல்லை என்றானது. அதைப் பிடிக்க உருவாக்கிய நாய்தான் இப்போது அருகிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு முந்நூறு குட்டிகள்கூடப் பதிவாகாத உள்நாட்டு இனங்களை கென்னல் கிளப் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆட்டர்ஹவுண்ட் அதில் ஏறக்குறைய அடியில். சில ஆண்டுகளில் நாற்பது குட்டிகள்கூடத் தேறுவதில்லை. உலகம் முழுக்கக் கூட்டினாலும் ஆயிரத்துக்குக் கீழேதான்.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்க் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்க வேண்டியதாகும். இந்த இனத்தில் கிளான்ஸ்மேன் என்ற ரத்தக் கோளாறு இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்துச் சோதனையும் கொண்டுவந்தார்கள், இப்போது ஜோடி சேர்க்கும் முன் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் குறையைத் தாங்கியிருக்கும் நாயையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது, ஒதுக்கினால் மிச்சம் இருப்பவை இன்னும் நெருங்கிய சொந்தமாகிவிடும். ஆகவே குறையுள்ளதைக் குறையில்லாததோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, பொறுமையாக இறக்கிக்கொண்டு போகிறார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறும் பரவலாக உண்டு. நான் முதலில் பயந்தது முழுக்க முட்டாள்தனம் இல்லை.

இதை ஏன் காப்பாற்ற வேண்டும், தொழில் போனால் நாயும் போகட்டுமே என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான், என்னிடம் பெரிய பதில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம் நடந்ததைத்தான் சொன்னேன்.

மழை விட்ட காலை. பாலத்துக்கு அடியில், தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே, ஒரு கல்லின் மீது கறுப்பாக ஏதோ. மீன் முள்ளும் செதிலும் தெரிந்தது. நீர்நாய் எச்சம். அது ஆற்றோரம் பார்த்து இப்படித்தான் முகவரி எழுதிவைக்கும். பிராம்பிள் அதுவரை இழுத்துப் போட்டு நடந்துகொண்டிருந்தது. மூக்கு அந்தக் கல்லைத் தொட்டதும் உடம்பு முழுக்க நிமிர்ந்தது, வால் கம்பி மாதிரி நின்றது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட வேட்டைக்குப் போகாத நாய், அதன் அம்மாவும் போனதில்லை, பாட்டியும் போனதில்லை. தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தது. குரைப்பு இல்லை, கோயில் மணியை அடித்துவிட்டு அதன் ரீங்காரத்தை நீட்டியது போல ஒரு ஊளை, பாலத்தின் வளைவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அக்கரையில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். நான் வாரை இரண்டு கையாலும் பிடித்தேன். நீர்நாயைத் தொந்தரவு செய்வது இப்போது குற்றம், ஆகவே விடக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது, பலம்தான் இல்லை. முழங்கால் வரை ஆற்றுக்குள் இறங்கி, ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அது முழு முகத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கிக் குடித்தது, தாடியிலிருந்து சமையலறை முழுக்கச் சொட்டிக்கொண்டே போய்ப் படுத்தது. பாட்டி ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

"ஆற்றில் இறங்கினாளா?"

இல்லை என்றேன். அவர் என் ஷூவைப் பார்த்தார்.